ஒரு வீடு, நாலு வண்டி: காப்புறுதிக் கேள்வி-பதில்

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த குடும்பங்களின் வீட்டு வாசலில் இன்றைக்கு ஒரு காராவது, இரண்டு மோட்டார்சைக்கிளாவது நிற்கின்றன. சில வாசலில் பிக்கப்பும் உண்டு. வண்டி கூடக் கூட, யார் பெயரில் எது, எது எப்போது முடிகிறது என்பதே குழம்பிவிடுகிறது. இந்த இதழில் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: அப்பாவின் மைவி கார், என் சாகா கார், இரண்டு மோட்டார்சைக்கிள் என்று வீட்டில் நாலு வண்டி. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகள், வீட்டுக் கார்கள் எல்லாவற்றையும் ஒரே போலிசியில் போட்டுத் தள்ளுபடி வாங்குவதாகச் சொல்கிறாள். இங்கேயும் முடியுமா?

பதில்: அங்கே ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தின் கார்களையும் ஓட்டுநர்களையும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக எழுதும் வழக்கம் உண்டு. இரண்டாவது கார் சேர்ந்தால் கழிவும் கிடைக்கும். நம் மலேசியாவின் ஏற்பாடு வேறு. இங்கே சாலை வரி ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் தனி. அந்த எண்ணுக்குக் காப்புறுதி இருக்கிறது என்ற தகவலை நிறுவனம் நேராக ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கணினிக்கு அனுப்பினால்தான் சாலை வரி எடுக்க முடியும். ஆகவே நாலு வண்டிக்கு நாலு போலிசி, நாலு தடவை 10 வெள்ளி (ரிங்கிட்) முத்திரைக் கட்டணம், ஒவ்வொரு பிரிமியத்தின் மேலும் 8% சேவை வரி. பல வண்டிகளைக் கூட்டாக மதிப்பிட்டு விலை பேசும் முறை நிறுவனங்களின் வண்டிகளுக்கு உண்டு. அதற்காக வீட்டுக் காரைத் தம்பியின் கம்பெனி பெயருக்கு மாற்ற நினைக்காதீர்கள். உங்கள் பெயரில் சேர்ந்த என்சிடி (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குப் பிரிமியத்தில் கிடைக்கும் கழிவு) கம்பெனிப் பெயருக்குப் போகாது.

தனித்தனியாக இருப்பதில் நன்மையும் இருக்கிறது. சாகாவில் விபத்து நடந்து இழப்பீடு கேட்டாலும் அப்பாவின் மைவிக்குச் சேர்ந்த என்சிடிக்கு ஒன்றும் ஆகாது.

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. 2017 ஜூலை 1 முதல், சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்புறுதியின் விலையை ஒவ்வொரு நிறுவனமும் தானே கணிக்கிறது. வண்டியின் மாடல், வயது, ஓட்டுநரின் வயது, வண்டி நிற்கும் இடம் எல்லாம் கணக்கில் வரும். மைவிக்கு மலிவாகக் கொடுக்கும் நிறுவனம் பிக்கப்புக்கு அதிகம் கேட்கலாம். ஆகவே எல்லா வண்டியையும் ஒரே இடத்தில் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று நிறுவனங்களில் விலை கேளுங்கள். கேட்கும்போது காப்புத் தொகையும் கூடுதல் பாதுகாப்புகளும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளப் பாதுகாப்பு இல்லாத விலையை, அது உள்ள விலையோடு ஒப்பிட்டு ஏமாந்துபோவீர்கள். முகவர் இல்லாமல் இணையத்தில் நேரடியாக எடுத்தால் 10% குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. எதிராளிக்கு இழப்பீடு தரும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு மட்டும் இன்னும் நிர்ணய விலைதான். அதற்காகக் கடை கடையாக ஏற வேண்டாம்.

கேள்வி: அப்பாவின் மைவிக்கு 55% என்சிடி இருக்கிறது. இப்போது எனக்குப் புதுக் கார் எடுக்கிறோம். அப்பா பெயரில் எடுத்தால் அதே 55% புதுக் காருக்கும் கிடைக்கும் என்கிறார் ஒருவர். உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. பல வீடுகளில் பணம் கைநழுவிப் போவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம்.

என்சிடி வண்டிக்குச் சொந்தமானதல்ல, போலிசி எடுத்தவருக்குச் சொந்தமானது. ஆனால் ஒரு என்சிடி ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் உதவும். தனியார் காருக்கு இழப்பீடு கேட்காத முதல் ஆண்டு முடிவில் 25%, பிறகு 30%, 38.33%, 45%, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55%. அதற்கு மேல் ஏறாது. மோட்டார்சைக்கிளுக்கும் வணிக வண்டிக்கும் 15%, 20%, 25% மட்டுமே. காரில் சேர்ந்தது காருக்கே மாறும், மோட்டார்சைக்கிளில் சேர்ந்தது மோட்டார்சைக்கிளுக்கே மாறும்.

அப்பா பெயரிலேயே புதுக் காரும் இருந்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, 55% மைவியிலேயே இருக்கட்டும், புதுக் கார் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். இன்னொன்று, 55%-ஐப் புதுக் காருக்கு மாற்றி, மைவியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. கணக்குக்காகப் புதுக் காரின் அடிப்படைப் பிரிமியம் 1,600 வெள்ளி, பழைய மைவிக்கு 700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் 1,600 + 315 = 1,915 வெள்ளி. இரண்டாவது வழியில் 720 + 700 = 1,420 வெள்ளி. முதல் ஆண்டிலேயே 495 வெள்ளி மிச்சம். அடிப்படை விலை மாறாமல் இரண்டு வண்டியிலும் விபத்து இல்லாமல் போனால் அடுத்த நாலு ஆண்டுகளில் 270, 225, 150, 90 என்று வித்தியாசம் குறைந்துகொண்டே வந்து ஆறாம் ஆண்டில் சமமாகிவிடும். மொத்தம் 1,230 வெள்ளி. பெரிய என்சிடியை விலை கூடிய வண்டியில் வைப்பது லாபம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

மாற்றும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மைவியின் போலிசி பாதியில் இருக்கும்போது என்சிடியை எடுத்தால், எஞ்சிய மாதங்களுக்கு மைவி பெற்றிருந்த கழிவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அதை மறந்துவிட்டுப் புதுக் காரின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். புதுக் காரைப் பதிவு செய்யும் நாளும் மைவி புதுப்பிக்கும் நாளும் அருகருகே அமைந்தால் நல்லது. இப்போது என்சிடி எவ்வளவு என்பதை ஐஎஸ்எம் என்ற காப்புறுதித் தகவல் நிறுவனத்தின் மைகார்இன்ஃபோ இணையத்தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

இனி இந்தக் கேள்வியில் நாங்கள் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறோம். கார் உங்களுக்கு என்றால் உங்கள் பெயரிலேயே எடுங்கள். அப்பா பெயரில் பத்து ஆண்டு ஓட்டினாலும் உங்கள் பெயரில் என்சிடி ஒரு காசுகூடச் சேராது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும்போது, அத்தனை ஆண்டு கவனமாக ஓட்டியவர் புதிதாகப் பழகியவரைப் போலப் பூஜ்யத்தில் நிற்பீர்கள். அப்பாவின் என்சிடி பிள்ளைக்கு மாறாது. முதல் ஆண்டு கொஞ்சம் கூடக் கட்டினாலும் 55% வரை ஏறும் படிக்கட்டை இப்போதே தொடங்குவதுதான் நல்லது. இன்னொன்றும் இருக்கிறது. புதிதாக ஓட்டுபவர் கையில் உள்ள காரில் அப்பாவின் 55%-ஐ வைத்தால், ஒரே ஒரு இழப்பீட்டில் ஐந்தாண்டுச் சேமிப்பு அத்தனையும் போய்விடும்.

கேள்வி: சின்ன விபத்து, பம்பரும் விளக்கும் போயின. பழுதுபார்க்க 1,100 வெள்ளி கேட்கிறார்கள். இழப்பீடு கேட்கலாமா, கையிலிருந்தே கட்டலாமா?

பதில்: உங்கள் தவறால் நடந்தது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைப் பிரிமியம் 1,200 வெள்ளி, என்சிடி 55% என்றால் இப்போது கட்டுவது 540. இழப்பீடு கேட்டால் அடுத்த புதுப்பிப்பில் என்சிடி பூஜ்யமாகும். மீண்டும் 55%-க்கு ஏறும் வரை ஆண்டுவாரியாக 660, 360, 300, 200, 120 வெள்ளி கூடுதலாகக் கட்டுவீர்கள். மொத்தம் 1,640 வெள்ளி. ஆகவே 1,100 வெள்ளி வேலைக்கு இழப்பீடு கேட்பது நட்டம்.

எதிர்த் தரப்பின் தவறு என்று போலீஸ் விசாரணை முடிவு சொன்னால் கதை வேறு. அப்போது உங்கள் நிறுவனத்திடமே கேட்டு, என்சிடி குறையாமல் பழுதுபார்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது. முகவர்கள் இதை 'நாக் ஃபார் நாக்' என்பார்கள். இழப்பீட்டுப் பாரத்தை (படிவத்தை)க் கொடுக்கும்போதே இந்த முறையில் கேட்கிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் அதில் கேட்கும் இழப்பீடும் என்சிடியைத் தொடாது. கல் லாரிகளுக்குப் பின்னால் ஓட்ட வேண்டியிருப்பவர்களுக்கு இது தேவைதான். கட்டணம் கண்ணாடியின் மதிப்பில் 15%. 800 வெள்ளிக் கண்ணாடிக்கு 120 வெள்ளி. கறுப்புப் படலம் ஒட்டியிருந்தால் அதன் விலையையும் சேர்த்து மதிப்புச் சொல்லுங்கள். ஒருமுறை கண்ணாடி மாற்றிய பிறகு பாதுகாப்பு தொடர வேண்டுமானால், மீண்டும் கட்டணம் கட்ட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் காரை நான், என் மனைவி, பி உரிமம் (புது ஓட்டுநருக்கான தற்காலிக உரிமம்) எடுத்த மகன், சில நேரம் மைத்துனரும் ஓட்டுகிறோம். போலிசியில் என் பெயரும் மனைவி பெயரும்தான் இருக்கின்றன.

பதில்: மகன் ஓட்டி விபத்தானாலும் இழப்பீடு கிடைக்கும். ஆனால் 400 வெள்ளி கட்டாய எக்செஸ் (சேதத்தில் நீங்களே ஏற்கும் தொகை) உங்கள் கையிலிருந்து போகும். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பி அல்லது எல் (பழகுநர்) உரிமம் வைத்திருப்பவர், போலிசியில் பெயர் குறிக்கப்படாதவர் ஆகிய மூவருக்கும் இந்த விதி. மைத்துனர் மூன்றாவது வகையில் வருவார். கூடுதல் பெயர் சேர்க்கப் பெரும்பாலும் ஆளுக்கு 10 வெள்ளிதான். யார் ஓட்டினாலும் சரி என்று 20 வெள்ளி அளவில் திறந்துவிடும் ஏற்பாடும் பல நிறுவனங்களில் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டோர் மாறி மாறி ஓட்டும் வீட்டுக்கு அதுவே வசதி. ஆனால் மகனுடைய பெயரைச் சேர்த்தாலும், வயதும் பி உரிமமும் காரணமாக வரும் எக்செஸ் நீங்காது.

காரை வழக்கமாக ஓட்டுபவர் மகன் என்றால் அதை மறைக்காதீர்கள். கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லும் கடமை வாடிக்கையாளருக்கு இருக்கிறது என்று 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் சொல்கிறது. பொய் சொல்லிப் பிரிமியத்தைக் குறைத்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அது முழுவதுமே மறுக்கப்படலாம். உரிமம் இல்லாதவரிடமோ, உரிமம் காலாவதியானவரிடமோ சாவியைக் கொடுக்கவே கூடாது. அடிபட்ட மூன்றாம் தரப்புக்கு நிறுவனம் கொடுக்க நேர்ந்தால், அந்தப் பணத்தை உங்களிடம் திரும்பக் கேட்கும்.

கேள்வி: வீட்டில் மூன்று மோட்டார்சைக்கிள். ஒன்றைத் தோட்டத்துக்குள்ளேயே வேலைக்காட்டுக்குப் போக மட்டும் ஓட்டுகிறோம். அதற்கும் காப்புறுதி கட்ட வேண்டுமா?

பதில்: கட்டுங்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 'சாலை' என்றால் அரசுச் சாலை மட்டுமல்ல, பொதுமக்கள் போய்வரும் பாதையும் அடங்கும். பள்ளிப் பிள்ளைகளும் கடைக்காரர்களும் வந்துபோகும் தோட்டச் சாலையில், பொதுமக்கள் வராத இடம் என்று வாதிடுவது கடினம். அதே சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி, காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டும் உரிமமும் 12 மாதத்துக்குப் போகலாம். அதைவிடப் பெரிய பயம் வேறு. பால்மரம் வெட்டிவிட்டுத் திரும்பும் ஒருவர்மேல் மோதி அவருக்குக் கை கால் போனால், நீதிமன்றம் விதிக்கும் தொகையைக் குடும்பமே கட்ட வேண்டிவரும்.

மோட்டார்சைக்கிளுக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் எடுக்கிறார்கள். அது எதிராளிக்கு. ஓட்டுபவர் தானே விழுந்து அடிபட்டால் ஒன்றும் தராது. வேலைக்குப் போகிறவருக்குத் தனியாகத் தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்று எடுத்துக்கொடுங்கள்.

மூன்றில் ஒன்றை இனி ஓட்டப் போவதே இல்லை என்றால், அதன் பதிவை ஜேபிஜேயில் ரத்து செய்துவிடுவது நல்லது. கொட்டகையில் கிடக்கும் வண்டியை அண்டை வீட்டுப் பையன் எடுத்து ஓட்டினாலும் விசாரணை பதிவுக்காரரைத் தேடித்தான் வரும்.

கேள்வி: அண்ணன் பெயரில் தனியார் பதிவில் பிக்கப் இருக்கிறது. எங்கள் இரண்டு ஏக்கர் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றுகிறோம். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் கூலிக்கு ஏற்றிக் கொடுக்கிறோம். காப்புறுதி இருக்கிறது, பயமில்லைதானே?

பதில்: பயப்பட வேண்டிய இடம் இதுதான். தனியார் வண்டிப் போலிசியை எடுத்துப் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். குடும்ப, சமூகத் தேவைக்கும் சொந்தத் தொழில் வேலையாகப் போய்வரவும் இடமிருக்கும். வாடகைக்கு அல்லது கூலிக்கு ஓட்டுவதும், வியாபாரத்துக்காக மாதிரிச் சரக்கு தவிர மற்றச் சரக்கு ஏற்றுவதும் விலக்கப்பட்டிருக்கும். பக்கத்து நிலத்துக் குலைகளைக் கூலிக்கு ஏற்றும்போது விபத்தானால் உங்கள் பிக்கப்பின் சேதத்துக்கு நிறுவனம் மறுக்கலாம். விற்கப் போகும் சொந்தக் குலையும் வியாபாரச் சரக்குதான். ஞாயிற்றுக்கிழமை பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கக் காய்கறி ஏற்றுபவர்களுக்கும், வாடகைக்கு ஆள் ஏற்றும் கார்க்காரர்களுக்கும் இதேதான். செயலி மூலம் ஆள் ஏற்றுபவர்களுக்கு அதற்கென்றே கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது.

செய்ய வேண்டியது: வண்டியில் என்ன ஏற்றுகிறோம், யாருடையது, கூலி வாங்குகிறோமா என்பதை எழுதி முகவரிடம் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சொந்தச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு ஒரு வகை, கூலிக்கு ஏற்றும் வண்டிக்கு வேறு வகை, அதற்கான உரிமம் தனி. பிரிமியம் கூடும். வாய்வார்த்தையாக 'பரவாயில்லை அண்ணே, ஓட்டுங்க' என்று முகவர் சொன்னது இழப்பீட்டுப் பிரிவில் செல்லாது. மேலும், குலைகளுக்கு மேல் வேலையாட்களை உட்காரவைத்துக் கொண்டுபோவதை இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: அப்பா இறந்து மூன்று ஆண்டு ஆகிறது. கார் இன்னும் அவர் பெயரில்தான். அவர் பெயரிலேயே காப்புறுதியைப் புதுப்பித்து வருகிறோம். இணையத்தில் எடுத்தால் ஒன்றும் கேட்பதில்லை.

பதில்: பணம் வாங்கும்போது கேட்காதவர்கள் இழப்பீடு கொடுக்கும்போது அடையாள அட்டையைக் கேட்பார்கள். இறந்தவரோடு புதிதாக ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆகவே மூன்று ஆண்டாக நீங்கள் கட்டியது உங்களைக் காக்காமல் போகலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வங்கிக் கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கிக்குத் தெரிவியுங்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் அடையாள அட்டைகள், கெரான் (வண்டியின் உரிமைப் பத்திரம்) ஆகியவற்றோடு, இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயா நிறுவனத்துக்குப் போங்கள். நிலமும் வீடும் சேர்ந்த சொத்து என்றால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவோ உயர் நீதிமன்றமோ பொருந்தும். அங்கே கிடைக்கும் ஆணையைக் கொண்டு ஜேபிஜேயில் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். அம்மா பெயருக்கா, மகன் பெயருக்கா என்பதை மற்ற வாரிசுகளோடு பேசி முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் எல்லாம் நிற்கும். புதுப் பெயரில் புதுப் போலிசி. மகன் பெயருக்குப் போனால் அப்பாவின் என்சிடி கூட வராது. ஆணை வரும் வரை காரை எடுக்காதீர்கள்.

கேள்வி: 10 வயதான காருக்குக் காப்புத் தொகை 20,000 வெள்ளி மட்டும் போட்டால் பிரிமியம் குறையும் என்கிறார் முகவர். சந்தை மதிப்பு 30,000 இருக்கும். போடலாமா? வெள்ளத்துக்கும் சேர்த்து எடுக்க வேண்டுமா?

பதில்: தொகையைக் குறைக்காதீர்கள். காப்புத் தொகை சந்தை மதிப்பின் 90%-க்குக் கீழே இருந்தால், சேதத்தில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும். உங்கள் கணக்கில் 30,000-க்கு 20,000, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. 6,000 வெள்ளிப் பழுதுக்கு நிறுவனம் தருவது 4,000. மீதி 2,000 உங்கள் கையிலிருந்து. கார் திருட்டுப் போனால் 20,000-க்கு மேல் கிடையாது. அதிகமாகப் போட்டாலும் பயனில்லை, சந்தை மதிப்புதான் கொடுப்பார்கள். சந்தை மதிப்பா, முன்கூட்டி ஒப்புக்கொண்ட மதிப்பா என்று போலிசியில் எழுதியிருக்கும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால் முழு நட்டத்தின்போது விலை பற்றிய வாக்குவாதம் வராது.

பழைய காருக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. ஐந்து வயதுக் காரில் தொடங்கி, புதிய உதிரிபாகம் மாட்டினால் அதன் விலையில் ஒரு பங்கை உங்களைக் கட்டச் சொல்லலாம். ஐந்தாம் வயதில் 15%, பிறகு ஆண்டுக்கு 5% ஏறி, பத்து வயதும் அதற்கு மேலும் 40%. உங்கள் காருக்கு 3,000 வெள்ளிக்குப் புது உதிரிபாகம் மாட்டினால் 1,200 வெள்ளி உங்கள் பொறுப்பாகலாம். இதை விலக்கும் கூடுதல் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். 15 வயதைத் தாண்டிய காருக்கு முழுக் காப்புறுதி தரவே பல நிறுவனங்கள் தயங்கும்.

வெள்ளத்துக்குக் கண்டிப்பாக எடுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம், நிலச்சரிவு, புயற்காற்று ஆகியவை கிடையாது. காற்றில் கார்மேல் சாயும் தென்னையும் ரப்பர் மரமும் அதில்தான் சேரும். 2021 டிசம்பரில் ஷா ஆலாமிலும் உலு லங்காட்டிலும் வெள்ளம் வந்தபோது, முழுக் காப்புறுதி எடுத்திருந்தும் இந்தக் கூடுதல் பாதுகாப்பு இல்லாதவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். கட்டணம் காப்புத் தொகையில் அரை விழுக்காடு வரை. 30,000 வெள்ளிக்கு அதிகம் போனால் 150. வெள்ளம் வந்த பிறகு எடுக்க முடியாது.

வெள்ளத்தில் கார் மூழ்கினால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பத்தாயிரம் வெள்ளி வேலையாகிவிடும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, நீர்மட்டக் கறை தெரியும்படி உள்ளும் புறமும் படம் எடுத்து, நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: நாலு வண்டியின் காப்புறுதியும் நாலு வெவ்வேறு மாதத்தில் முடிகிறது. ஒரே மாதத்துக்குக் கொண்டுவர வழி உண்டா?

பதில்: பாதியில் ரத்து செய்து புதிதாக எடுத்தால் தேதி சேரும், பணம் போகும். வழக்கமான குறுகிய காலக் கட்டணப்படி, மூன்று மாதம் ஓடிய போலிசியை ரத்து செய்தால் ஆண்டுப் பிரிமியத்தில் பாதியை நிறுவனம் வைத்துக்கொள்ளும். எட்டு மாதம் கடந்தால் திரும்ப ஒன்றும் வராது. அதற்குப் பதிலாக, முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். புதிய காலம் பழையது முடிந்த மறுநாளிலிருந்துதான் தொடங்கும், ஆகவே நட்டமில்லை. இரண்டு மாதத்துக்குள் முடியும் வண்டிகளுக்கு ஒரே நாளில் கட்டிவிடலாம். மீதிக்கு அடுப்படியில் தொங்கும் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்டும் கட்டாயம் போய்விட்டதால், கண்ணாடியைப் பார்த்து நினைவுவரும் வழியும் போய்விட்டது. மைஜேபிஜே செயலியில் பார்த்தால் உங்கள் பெயரில் உள்ள வண்டிகளின் தேதிகள் தெரியும்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு காரில் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போகிறோம். நம் காப்புறுதி அங்கே செல்லுமா?

பதில்: செல்லாது. மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்கும்தான் வழக்கமான போலிசி. தாய்லாந்துக்குக் கூடுதல் நீட்டிப்பு எடுக்க வேண்டும். அதோடு அந்நாட்டின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியை எல்லையில் தனியாக வாங்க வேண்டும். சிங்கப்பூருக்குப் போகும் உறவினர்களுக்கு இன்னொரு குறிப்பு: பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்ற கூடுதல் பாதுகாப்பு அங்கே நுழையத் தேவை. உள்ளூரிலேயே ஓட்டினாலும் அதை எடுத்துவைப்பது நல்லது. சட்டம் கட்டாயமாக்கும் பாதுகாப்பு, உங்கள் காருக்குள் உட்கார்ந்துவரும் அத்தைக்கும் மாமாவுக்கும் பொதுவாகப் பொருந்தாது.

கேள்வி: ஈப்போவுக்குப் போகும் பழைய சாலையில் விபத்தானதும் யாரும் கூப்பிடாமலே இழுவை வண்டி வந்து நின்றது. எங்கேயோ கையெழுத்து வாங்கி, காரை எங்களுக்குத் தெரியாத பட்டறைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். இப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழைத்து, கார் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லி, அவர்களுடைய பட்டியலில் உள்ள பட்டறைக்கு மாற்றச் சொல்லுங்கள். இழுவைக் கூலி, நிறுத்திவைத்த நாட்களுக்கான வாடகை என்று கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட தாளின் நகலைக் கேளுங்கள். உங்கள் சார்பில் இழப்பீடு கேட்கும் அதிகாரக் கடிதமாக அது இருந்தால், நிறுவனத்துக்கும் அந்தப் பட்டறைக்கும் எழுத்தில் ரத்து செய்தி அனுப்புங்கள்.

விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கொடுத்திருக்க வேண்டும். நிறுவனத்துக்கு 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் 30 நாள். புகாரின் நகல், கெரான், ஓட்டியவரின் அடையாள அட்டை, ஓட்டும் உரிமம், படங்கள் ஆகியவற்றோடு பாரத்தைக் கொடுங்கள். நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன் புகார்ப் பிரிவு இறுதி முடிவு சொன்ன பிறகும் மனம் ஒப்பாவிட்டால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் போகலாம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணிலும் விசாரிக்கலாம்.

நாலு வண்டியிலும் அந்தந்த நிறுவனத்தின் அவசர எண்ணை ஒரு தாளில் எழுதி, காரில் டாஷ்போர்டுப் பெட்டிக்குள்ளும் மோட்டார்சைக்கிளில் இருக்கைக்கு அடியிலும் வைத்துவிடுங்கள். ஓட்டுகிற ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் அதே எண்களைப் பதிந்துகொடுங்கள்.